இல்லாத சாம்பல் நிறம்

கண்டி வாவிக்கு மேலே, மலைச்சரிவில் உள்ள ஒரு விருந்தினர் விடுதியின் மாடி நடையில் தாடிக்காரர் ஒருவரின் படம் மாட்டியிருக்கிறது. 90 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம். கித்தான் துணியில் அச்சடித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியது. கடைகளில் கான்வாஸ் பிரிண்ட் என்று சொல்வார்களே, அதுதான். படியேறித் திரும்பியதும் முதலில் தெரிவது வெளிச்சம் விழுந்த நெற்றி. பிறகு நிழல் தேங்கிய கண்குழிகள், மார்பில் இறங்கும் அடர்ந்த தாடி, மேலங்கியின் மடிப்புகளில் வெளிறியும் கறுத்தும் மாறும் பத்துப் பன்னிரண்டு விதமான சாம்பல் நிறங்கள்.

கிட்டப் போனேன். சாம்பல் நிறம் முழுவதும் மறைந்துவிட்டது. கன்னத்தில் இருந்தவை குறுகிய கீற்றுகளும் புள்ளிகளும். மேலங்கியில் இருந்தவை ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள். கறுப்பு இருக்கிறது, வெள்ளை இருக்கிறது, இடையில் ஒன்றுமே இல்லை. நாலு எட்டு பின்னால் வைத்தேன். தாடையின் நிழல் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று மாலை இருட்டும்வரை அந்த நடையில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தேன். இல்லாத நிறம் எங்கிருந்து வருகிறது?

படத்தில் இருப்பவர் சாமுவேல் வைட் பேக்கர். 1821இல் இலண்டனில் பிறந்தவர். 1864 மார்ச் 14ஆம் திகதி, ஆபிரிக்காவில் நைல் நதிக்கு நீரூட்டும் பேரேரி ஒன்றின் கரையைப் பின்னாளில் தம் மனைவியான ஃபுளோரன்ஸுடன் அடைந்து, அதற்கு விக்டோரியா அரசியின் கணவர் பெயரைச் சூட்டியவர். ஆல்பர்ட் ஏரி என்ற பெயர் அப்படி வந்தது. நம் மலைநாட்டில் அவரை அறிந்தவர்களுக்கு வேறொரு அடையாளம் உண்டு: ஹோர்ட்டன் சமவெளியில் விழும் பேக்கர் நீர்வீழ்ச்சி. நைலைத் தேடிப் போவதற்கு முன் அவர் நுவரெலியாவில் வாழ்ந்தார். காய்ச்சலில் வாடிய உடம்பைத் தேற்றிக்கொள்ள 1847இல் அங்கே போனவருக்கு அந்தக் குளிர் பிடித்துப்போயிற்று. அடுத்த வருடமே ஒரு பண்ணைக் குடியேற்றத்தைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த மாடுகளும் வேட்டை நாய்களும் உழவுக் கருவிகளும் இறம்பொடைச் சரிவில் ஏறின. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பேருந்து இன்றும் முக்கி முனகி ஏறுவது அதே சரிவில்தான்.

1855இல் அவர் இலங்கையை விட்டுப் போய்விட்டார். இங்கே யானைகளைச் சுட்டு வீழ்த்தியதை அவர் விரிவாகவே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பக்கங்களை என்னால் மன அமைதியோடு படிக்க முடிந்ததில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. அவர் இங்கிருந்த அதே ஆண்டுகளில்தான் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே வந்து கோப்பித் தோட்டங்களை உருவாக்கினார்கள். அவர்களில் ஒருவர் முகத்தையும் யாரும் இப்படி வாரக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கவில்லை.

வாரக்கணக்கில் என்று சும்மா சொல்லவில்லை. புகைப்படம் 1839இலேயே உலகுக்கு அறிமுகமாகிவிட்டது. பேக்கர் நைல் பயணத்திலிருந்து திரும்பியபோது இலண்டனில் தெருவுக்குத் தெரு படப்பிடிப்பு நிலையங்கள் இருந்தன. ஆனால் புகைப்படத்தைப் புத்தகத்தில் அச்சிட வழியில்லை. காரணம் எளிமையானது: அச்சு மைக்கு ஒரே நிறம்தான். தாளின் ஓர் இடத்தில் மை ஒட்டும், அல்லது ஒட்டாது. பாதி ஒட்டு என்று அதற்குச் சொல்ல முடியாது. புகைப்படத்தின் எண்ணற்ற சாம்பல் படிகளை ஒட்டும் ஒட்டாது என்ற இரண்டே சொற்களில் யாராவது மொழிபெயர்த்துத் தர வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளர்தான் செதுக்குநர். 1866இல் பேக்கரின் ‘ஆல்பர்ட் நியான்சா’ நூல் இரண்டு பாகங்களாக வெளிவந்தபோது, உருவப்படங்களும் உண்டு என்பதை முகப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். வாங்குகிறவர்களுக்கு அது பெரிய ஈர்ப்பு.

செதுக்குநரின் மேசையைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். நடுவில் மணல் அடைத்த தோல் மெத்தை, உள்ளங்கை அகலத்தில். அதன்மேல் பளபளவென்று தேய்த்த உருக்குத் தகடு. கையில் கூர்முனைச் சிற்றுளி. அதன் குமிழ்ப்பிடி உள்ளங்கைக் குழியில் பதிந்திருக்கும். உளியைப் பேனாபோல இழுப்பதில்லை; முன்னே தள்ளுவார்கள். வளைகோடு வேண்டுமானால் உளி பிடித்த கை கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். இடது கை தகட்டைத் தோல் மெத்தையின்மேல் சுழற்றிக் கொடுக்கும். குயவர் சக்கரத்தில் கை நிற்க மண் சுழல்வதுபோல, இங்கே உளி நிற்க உலோகம் திரும்புகிறது.

உளியை மெல்ல அழுத்தினால் மெல்லிய பள்ளம். ஆழ அழுத்தினால் பள்ளம் அகலும். ஒரே தள்ளலில் மயிரிழையாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி மயிரிழையாக முடியும் கோட்டை இப்படித்தான் வெட்டுகிறார்கள். கன்னத்தின் நிழல் பக்கத்துக்குப் போகும்போது கோடு பருக்கிறது, வெளிச்சத்துக்கு வரும்போது மெலிகிறது. கோடுகளுக்கு இடையிலான தூரம் பெரும்பாலும் மாறுவதில்லை, பருமன்தான் மாறுகிறது. சாம்பல் நிறத்தின் இரகசியம் அங்கே இருக்கிறது. ஒரு சதுர மில்லிமீட்டரில் கறுப்பு எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்ற விகிதத்தைத்தான் செதுக்குநர் கைக்கணக்கில் வைத்திருக்கிறார்.

இத்தனையையும் அவர் இடவலம் மாற்றிச் செய்ய வேண்டும். தகட்டில் வலப்பக்கம் இருப்பது தாளில் இடப்பக்கம் விழும். அதனால் மூலப்படத்தை நேராகப் பார்க்காமல், எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே வெட்டுவதுண்டு. இரவில் வேலை என்றால் விளக்குக்கு முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம் ஒன்றை வைப்பார்கள். அது வில்லையாக வேலைசெய்து, பரந்து கிடக்கும் விளக்கொளியைத் தகட்டின் ஒரே இடத்தில் குவிக்கும்.

பள்ளம் எப்படிப் படமாகிறது என்பதைப் பார்க்க இலண்டனுக்குப் போக வேண்டாம். கண்டியிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர், மாத்தளையைத் தாண்டியதும் வரும் அலுவிகாரை போதும். பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது அங்கேதான் என்பது மரபு. இன்றும் வருகிறவர்களுக்கு ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணியால் கீறும்போது ஓலையில் கண்ணுக்கு ஏதும் தெரிவதில்லை. பிறகு எண்ணெயில் குழைத்த கரியை ஓலை முழுவதும் அப்புகிறார்கள், ஓலையே கறுத்துப்போகிறது. பிறகு துடைக்கிறார்கள். மேற்பரப்பிலிருந்த மை போய்விடும். கீறலுக்குள் இறங்கிய மை போகாது. எழுத்து பளிச்சென்று எழும்பி வரும்.

உருக்குத் தகட்டிலும் நடப்பது இதுவேதான், ஒரு படி கூடுதலாக. மை அப்பி, மேற்பரப்பைத் துடைத்தெடுத்து, ஈரம் ஊறிய தாளைத் தகட்டின்மேல் விரித்து, கரும்பு ஆலையில் கரும்பு போவதுபோல இரண்டு உருளைகளுக்கு நடுவே செலுத்துகிறார்கள். நெரிபட்ட தாள் பள்ளங்களுக்குள் இறங்கி அங்கே ஒளிந்திருக்கும் மையைப் பற்றிக்கொண்டு வெளியே வரும். பள்ள அச்சு என்று இதைச் சொல்லலாம். இந்த முறையில் அச்சான கோடு தாளின்மேல் நுண்ணிய வரப்பாகவே நிற்கும். விரல் நுனிக்குத் தட்டுப்படும். புத்தம்புது ரூபாய்த் தாளைத் தடவினால் எழுத்துகள் நெருடுகின்றனவே, அதற்கும் பள்ள அச்சுதான் காரணம். நம் ஓலைச்சுவடியும் சட்டைப்பையில் உள்ள பணத்தாளும் ஒரே குடும்பம்.

தகடு ஏன் உருக்கு? முன்பெல்லாம் செம்பில்தான் வெட்டினார்கள். செம்பு உளிக்கு இணங்கும், ஆனால் துடைத்துத் துடைத்து அச்சிடும்போது சில ஆயிரம் பிரதிகளுக்குள் நுண்கோடுகள் தேய்ந்துபோகும். அமெரிக்கரான ஜேக்கப் பெர்க்கின்ஸ் உருக்கை வழிக்குக் கொண்டுவந்தார். முதலில் அதிலுள்ள கரியைக் குறைத்து மென்மையாக்குவது, அந்த மென்மையில் செதுக்குவது, செதுக்கி முடித்ததும் மறுபடி கெட்டியாக்குவது. அதற்குப் பிறகு பல்லாயிரம் பிரதிகள் எடுத்தாலும் கோடு மழுங்காது. உலகின் முதல் ஒட்டு முத்திரையான 1840ஆம் ஆண்டின் பென்னி பிளாக் இந்த நுட்பத்தில் பிறந்தது. இலங்கையின் முதல் முத்திரைகளும் அப்படியே. பேக்கர் இங்கிருந்து போய் இரண்டு வருடம் கழித்து, 1857இல், பெர்க்கின்ஸ் பேக்கன் நிறுவனம் உருக்கில் செதுக்கிய விக்டோரியா அரசியின் தலை கண்டித் தபாலுக்கும் வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்துப் படங்களில் மரச்செதுக்கு அச்சும் ஏராளம். 1842இல் தொடங்கிய ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ அதை நம்பித்தான் நடந்தது. அங்கே கணக்கே தலைகீழ்: வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. விடுதியில் உள்ள படம் எந்த வகை? பூதக்கண்ணாடியால் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் கோடுகள் உண்டாக்கிய சிறு சாய்சதுரங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி. மரத்தில் அப்படியொரு புள்ளி வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள மரத்தையெல்லாம் நோண்டி எடுத்து, புள்ளியை மட்டும் தீவாக விட்டுவைக்க வேண்டும். உருக்கில் உளி முனையால் ஒரு குத்து, முடிந்தது. ஆகவே இது உருக்கு.

இனி அந்தப் படம் எப்படிக் கித்தானுக்கு வந்தது என்று பார்க்கலாம். புத்தகத்தில் அது சுமார் 15 செ.மீ. உயரம் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதை வருடி (ஸ்கேனர்) ஓர் அங்குலத்துக்கு 1,200 புள்ளிகளாகப் படிக்கிறது. 15 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவுள்ள படம் சுமார் 3 கோடியே 35 இலட்சம் சதுரங்களாகிவிடும். ஒரு சதுரத்தின் பக்கம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. செதுக்குநரின் மயிரிழைக் கோட்டின் குறுக்கேகூடச் சில சதுரங்கள் விழும். அதனால்தான் பழைய செதுக்குப் படங்களைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் அவை துலக்கமாகவே நிற்கின்றன. மங்கிய புகைப்படத்தைப் பெருக்கினால் மங்கல்தான் பெருகும். இங்கே பெருகுவது விளிம்பு சுத்தமான கோடு.

ஆனால் அவசரப்பட்டுக் குறைந்த நுணுக்கத்தில் வருடினால் ஒரு பேய்க் காட்சி வரும். முகத்தின் குறுக்கே இல்லாத அலைகள் ஓடும். இரண்டு கொசுவலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். எந்த வலையிலும் இல்லாத பெரிய பெரிய வளையங்கள் நெளியும். அதுவேதான். செதுக்குநரின் கோட்டு வரிசை ஒரு வலை, வருடியின் புள்ளி வரிசை இன்னொரு வலை. அலைப்பின்னல் என்று இதைச் சொல்லலாம். என் கைத்தொலைபேசியால் இந்தப் பேக்கரைப் படம் எடுத்தபோது மேலங்கி முழுவதும் ஆற்று மணல்போல அலை அலையாக வந்தது.

கண்டியில் இப்படிப்பட்ட படங்களை அச்சிடும் ஒரு கடையில் அடுத்த நாள் போய் நின்றேன். இயந்திரம் ஒரு மேசை அகலம். உள்ளே அச்சுத்தலை அங்குமிங்கும் போய்வருகிறது, கித்தான் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்கிறது. “ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது ஓடவிடணும் அண்ணே, இல்லேன்னா மை காஞ்சு அடைச்சிரும்” என்றார் அங்கிருந்த தம்பி. எது அடைத்துக்கொள்ளும் என்று கேட்டேன். அச்சுத்தலையின் அடியைக் காட்டினார். வெறும் பளபளப்பான தகடாகத்தான் தெரிந்தது. அதில் ஒவ்வொரு மைக்கும் நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாமல்.

ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரு குட்டி அறை, அதன் சுவரில் ஒரு படிகத் துண்டு. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். பாரிஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டது இது. சமையலறையில் எரிவாயு அடுப்புக்கு டிக் டிக் என்று பொறி தட்டும் லைட்டருக்குள் இருப்பது அந்த விளைவுதான். அதையே திருப்பிப் போட்டால், மின்சாரம் கொடுக்கும்போது படிகம் நெளியும். நெளிந்த சுவர் அறையிலுள்ள மையை இடிக்க, ஒரு துளி வெளியே தெறிக்கிறது. நொடிக்குப் பல ஆயிரம் தடவை, ஒவ்வொரு துளையிலும்.

அந்தத் துளி எவ்வளவு சிறியது? நல்ல அச்சுப்பொறி ஒன்றில் சுமார் 4 பிகோலிட்டர். ஒரு லிட்டரை இலட்சம் கோடிப் பங்காக்கி, அதில் நாலு பங்கு. இப்படிச் சொன்னால் மனத்தில் நிற்காது. ஒரு தேக்கரண்டி மையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இந்தத் துளிகள் 125 கோடி. காற்றில் பறக்கும்போது ஒரு துளியின் குறுக்களவு தலைமயிரின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட இராது.

இப்போது பழைய கேள்வி திரும்பி வருகிறது. அச்சுப்பொறிக்கும் அதே சிக்கல்தானே? துளி விழும், அல்லது விழாது. சில பொறிகளில் கறுப்போடு வெளிர் கறுப்பு மைகளும் உண்டு. ஆனாலும் அடிப்படை வேலையைச் செய்வது புள்ளிகளே. நம் படத்தை 6 மடங்கு பெரிதாக்கியதும் வருடியின் ஒவ்வொரு சதுரமும் கித்தானில் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அகலமாகிறது. அந்தச் சிறு சதுரத்துக்குள் அச்சுப்பொறி சுமார் 50 இடங்களில் துளி வைக்க முடியும். இருபதில் வைத்தால் ஒரு சாம்பல், நாற்பதில் வைத்தால் இன்னொரு சாம்பல். வரிசையாக வைத்தால் மறுபடி அலைப்பின்னல் எழும் என்பதால் வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் சிதறவிடுகிறது. 150 வருடங்களுக்கு முன் உளி செய்த விகிதக் கணக்கை இப்போது படிகம் செய்கிறது. செதுக்குநர் சாம்பலைக் கோடாக்கினார். அச்சுப்பொறி அந்தக் கோட்டைத் துளியாக்குகிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள ஒரு மூலக் கோட்டின் குறுக்கே மட்டும், பெரிதாக்கிய படத்தில், முப்பதுக்கு மேற்பட்ட துளிகள் தோளோடு தோள் நிற்கின்றன.

மை மட்டும் அதிகம் மாறவில்லை. செதுக்குநரின் தகட்டில் இருந்தது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் அரைத்த கரி. அலுவிகாரை ஓலையில் இருப்பதும் கரி. இந்த அச்சுப்பொறியின் கறுப்பிலும் நுண்ணிய கரித்துகள்தான் நீரில் மிதக்கிறது. விளக்குக்கு மேலே தட்டைக் கவிழ்த்துப் பிடித்துப் பாட்டி சேர்த்த கண்மையின் உறவுக்காரி. வெயில் பட்டாலும் கரி எளிதில் வெளுப்பதில்லை. கறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது கடினம்.

துணியில் மை வைத்தால் பரவாதா? வேட்டியில் பேனா ஒழுகியவர்களுக்குத் தெரியும். வெறும் பருத்தியில் இந்த நுண்துளி விழுந்தால் நூல்வழியே ஊர்ந்து, கோடெல்லாம் கம்பளிப்பூச்சியாகிவிடும். அதனால் அச்சுக் கித்தானின் முகத்தில் முன்பே ஒரு வெள்ளைப் பூச்சு ஏற்றியிருப்பார்கள். நுண்துளைகள் நிறைந்த அந்தப் பூச்சு, மையிலிருக்கும் நீரை உடனே உறிஞ்சிக் கீழே அனுப்பிவிட்டுக் கரியை மட்டும் மேலே நிறுத்திக்கொள்கிறது. காய்ந்ததும் மேலே ஒளிபுகும் மெருகெண்ணெய். கண்டி மழைக்காலத்து ஈரத்தில் துணி தளர்ந்து தொய்யாதிருக்க, சட்டத்தில் நன்றாக இழுத்து, பின்பக்கம் ஆணியடிக்கிறார்கள்.

திரும்பவும் விடுதி நடைக்கு வந்தேன், இந்தத் தடவை ஓர் அளவு நாடாவோடு. நல்ல கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு செ.மீ. அகலமுள்ள நாணயத்தை ஏறத்தாழ 70 மீட்டர் தள்ளி வைத்தால் எவ்வளவு சிறியதாகத் தெரியுமோ, அதைவிடச் சிறிய இடைவெளிகளைக் கண்ணால் பிரிக்க முடிவதில்லை, கலந்து ஒன்றாக்கிவிடுகிறது. மூன்று மீட்டரில் நின்றால் அந்த எல்லை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கித்தானில் பேக்கரின் மேலங்கிக் கோடுகள் ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருக்கின்றன. அதாவது மூன்று மீட்டரில் கோடு இன்னும் மினுமினுத்துக்கொண்டிருக்கும். ஆறு மீட்டரில், நடையின் அந்தக் கோடியில், முற்றாகக் கரைந்துவிடும். அளந்து பார்த்தேன், என் கண்ணுக்கு ஐந்தரை மீட்டரிலேயே கரைந்துவிட்டது. செதுக்குநர் மறைத்துவைக்கப் பார்த்த கோட்டை இந்தப் பெரிய கித்தான் அம்பலப்படுத்திவிட்டது என்று முதலில் நினைத்திருந்தேன். உண்மையில் தூரத்தைத்தான் மாற்றியிருக்கிறது. புத்தகத்தை 40 செ.மீ.இல் பிடித்தவர் அன்று கண்டதை நான் காண 2.4 மீட்டர் விலகி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

புறப்படும்போதுதான் படத்தின் பக்கவாட்டைக் கவனித்தேன். சட்டத்தின் தடிப்பு நாலு செ.மீ. முகத்தைச் சுற்றியிருக்கும் துணி அந்த விளிம்பில் மடிந்து சுவர்வரை போகிறது. அங்கே படம் வெட்டுப்படாதிருக்க, அச்சிடுகிறவர்கள் ஓரத்திலுள்ள ஒரு கீற்றை இடவலம் புரட்டி ஒட்டிவிடுவது வழக்கம். பேக்கரின் தோளுக்கு அப்பாலுள்ள கோடுகள் விளிம்புவரை வந்து, மூலையில் திரும்பி, வந்த வழியே எதிர்த்திசையில் போகின்றன. செதுக்குநர் கண்ணாடியைப் பார்த்து வெட்டிய திசை அது. தாளில் அச்சானபோது புரண்டுபோன கோடு, இந்த நாலு செ.மீ. பட்டையில் மட்டும், உருக்குத் தகட்டில் உளி போன வாக்கிலேயே இருக்கிறது. சுவரோடு கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தால் தெரியும்.